விழுங்கிய பிறகும் சாகாத கிருமி

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்துக் கடைசி பெஞ்சுக்காரர்கள்தான்!

போன மாதம் கோவில்பட்டியில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு அடுத்த இலையில் என் பழைய மாணவி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அமெரிக்காவிலிருந்து இரண்டு வார விடுமுறையில் வந்திருக்கிறாள். எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா கேட்டார்: "ஏம்மா, பி.எச்.டி. முடிச்சு மூணு வருஷம் ஆச்சுன்னு உங்கம்மா சொன்னா. இன்னும் ஆராய்ச்சி பண்றேன்னா என்ன அர்த்தம்? வேலை கிடைக்கலையா?"

"இதுவே வேலைதான் பெரியம்மா. போஸ்ட்டாக்னு சொல்வாங்க" என்றாள். பெரியம்மாவுக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். எதைப் பற்றி ஆராய்ச்சி என்று கேட்டேன்.

"மனுஷனோட வெள்ளையணுவுக்குள்ள போயி ஒரு பாக்டீரியா எப்படிச் சாகாம இருக்குதுன்னு சார்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ஒன்பதாவதுல உங்ககிட்டயே கேட்டேனே சார், ஞாபகம் இருக்கா? விழுங்குன கிருமி சாகலைன்னா என்ன ஆகும்னு. 'அது பரீட்சைக்கு வராது, உட்காரு'ன்னு சொன்னீங்க."

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் நான் அப்படிச் சொல்லக்கூடியவன்தான் என்பது ஞாபகம் இருந்தது. அவள் குறையாகச் சொல்லவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறுத்த ஆரம்பித்தது. அவளிடமே போனில் கேட்டுக் கேட்டு, கிடைத்ததையெல்லாம் ஒரு மாதமாகப் படித்தேன். 18 வருடம் தாமதமான பதில் இது. அவளுக்கு இது தேவையில்லை, என்னைவிட நூறு மடங்கு தெரியும். அந்த வகுப்பில் அவளோடு உட்கார்ந்திருந்த மற்ற நாற்பது பேருக்காக எழுதுகிறேன்.

நான் உங்களுக்கு நடத்தியது என்ன? "வெள்ளையணுக்கள் உடலின் போர்வீரர்கள். கிருமி நுழைந்தால் சூழ்ந்து விழுங்கி அழித்துவிடும்." இரண்டு மதிப்பெண் கேள்வி. இந்த உண்மையை முதலில் கண்டவர் இலியா மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர். 1882இல் ஒடெஸா பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு இத்தாலியின் மெசினா என்ற கடலோர ஊரில் தங்கியிருந்தார். ஒரு நாள் வீட்டிலிருந்த எல்லோரும் சர்க்கஸில் குரங்கு வித்தை பார்க்கப் போய்விட, இவர் மட்டும் நுண்ணோக்கியோடு தனியாக இருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே நடப்பது வெளியே தெரியும். தோட்டத்து ரோஜாச் செடியின் முள்ளை எடுத்து அதன் உடலில் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்துக் கிடந்தன. வெளியிலிருந்து வந்ததை உள்ளே இருக்கிற செல்கள் ஓடி வந்து சூழ்கின்றன! அந்தச் செல்களுக்கு 'விழுங்கு செல்' என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் பிறகு வந்தது. 1908இல் அவருக்கும் பால் எர்லிக்குக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நம் பாடப்புத்தகம் அங்கேயே நின்றுவிட்டது. கதை அங்கே நிற்கவில்லை.

இனி 1976க்கு வருவோம். அமெரிக்கா சுதந்திரம் பெற்று 200 வருடம் ஆனதைக் கொண்டாடிய ஆண்டு அது. ஜூலை மாதக் கடைசியில் ஃபிலடெல்ஃபியா நகரின் பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹோட்டலில், 'அமெரிக்கன் லீஜன்' என்ற முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் மாநாடு நடந்தது. கூட்டம் முடிந்து அவரவர் ஊருக்குத் திரும்பிய சில நாட்களில் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். கடும் காய்ச்சல், இருமல், நிமோனியா. மொத்தம் 221 பேருக்கு நோய், அவர்களில் 34 பேர் இறந்தார்கள்.

நாடே பயந்துபோனது. பன்றிக்காய்ச்சலா, யாராவது விஷம் வைத்தார்களா, நிக்கல் நச்சா என்று என்னென்னவோ சந்தேகம். அட்லாண்டாவில் உள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் மாதக்கணக்கில் தேடியும் காரணம் கிடைக்கவில்லை. வாடிக்கையாளர் வராமல் அந்தப் பெரிய ஹோட்டல் நவம்பரில் மூடப்பட்டது.

அந்த மையத்தில் ஜோசப் மெக்டேட் என்ற ஆய்வாளர் இருந்தார். இறந்தவர்களின் நுரையீரல் திசுவைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்திருந்தார். ஆகஸ்டில் ஸ்லைடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குச்சி வடிவ பாக்டீரியாக்கள் தெரிந்தன. ஏதோ தூசியோடு வந்து சேர்ந்தவை என்று ஒதுக்கிவிட்டார். கோழி முட்டைக் கருவில் வளர்க்கும் சோதனையையும் செய்தார். தேவையில்லாத கிருமிகள் வளராமலிருக்க வழக்கப்படி அதில் ஆன்டிபயாட்டிக் சேர்த்திருந்தார். தேடிக்கொண்டிருந்த கிருமியும் அதிலேயே ஒடுங்கிப்போனது!

டிசம்பரில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் யாரோ ஒருவர் அவரிடம், உங்கள் விஞ்ஞானிகள் இப்படி ஏமாற்றிவிட்டார்களே என்று குறைபட்டுக்கொண்டார். அது மனதைக் குடைந்தது. விடுமுறை நாட்களில் ஆய்வகத்துக்குத் திரும்பி, பழைய ஸ்லைடுகளை எடுத்து மறுபடி அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஓர் இடத்தில் அந்தக் குச்சிகள் கூட்டமாக இருந்தன. தற்செயல் தூசி அப்படிக் கூட்டம் கூடாது. இந்த முறை ஆன்டிபயாட்டிக் இல்லாமல் முட்டையில் வளர்த்தார். வளர்ந்தது. நோயிலிருந்து பிழைத்தவர்களின் ரத்தச் சீரத்தோடு சேர்த்துப் பார்த்தார். அவர்கள் உடம்பு இந்தக் கிருமியை ஏற்கெனவே அறிந்திருந்தது. 1977 ஜனவரி 18ஆம் தேதி உலகத்துக்கு அறிவித்தார்கள். பிறகு அதற்கு 'லெஜியோனெல்லா நியூமோஃபிலா' என்று பெயர் வைத்தார்கள்.

இன்னொன்றும் தெரியவந்தது. இது புதுக் கிருமியே இல்லை. 1965இல் வாஷிங்டனில் ஒரு மருத்துவமனையிலும், 1968இல் மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக் நகரிலும் காரணம் தெரியாமல் பரவிய நோய்களின் ரத்த மாதிரிகளைப் பத்திரமாக உறைய வைத்திருந்தார்கள். எடுத்துச் சோதித்தால் அங்கேயும் இதே கிருமி. குளிர்சாதனக் கட்டடங்களின் குளிர்விப்புக் கோபுரங்களில் தேங்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் அது வளர்கிறது. அங்கிருந்து கிளம்பும் மெல்லிய நீர்த்துளிகளை மூச்சோடு இழுத்தால் நுரையீரலுக்குப் போய்விடுகிறது.

கிருமி எது என்று தெரிந்துவிட்டது. உள்ளே போய் என்ன செய்கிறது? இங்கேதான் அந்த ஒன்பதாம் வகுப்புக் கேள்வி வருகிறது.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹார்விட்ஸ் என்ற இளம் மருத்துவர், மூத்த ஆய்வாளர் சாமுவேல் சில்வர்ஸ்டைனோடு சேர்ந்து, மனித ரத்தத்திலிருந்து மோனோசைட் என்ற வெள்ளையணுக்களைப் பிரித்தெடுத்து அவற்றோடு லெஜியோனெல்லாவைச் சேர்த்தார். விழுங்கு செல்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன, விழுங்கின. ஆனால் கிருமி சாகவில்லை. உள்ளேயே பெருகியது. கடைசியில் செல் உடைந்தது, வெளியே வந்த கிருமிகள் அடுத்த செல்லுக்குப் போயின. 1980இல் இதை வெளியிட்டார்கள்.

அடுத்த வருடம் இன்னொரு அதிர்ச்சி. நோய் எதிர்ப்புப் பொருள் என்று நாம் படித்த ஆன்டிபாடியைச் சேர்த்துப் பார்த்தார்கள். அது கிருமியை வெள்ளையணுவோடு நன்றாக ஒட்ட வைத்தது, உள்ளே போவது சுலபமானது. உள்ளே போனபின் பெருகுவதை மட்டும் அதனால் தடுக்க முடியவில்லை. திருடனைப் பிடித்து வந்து நம் வீட்டு நடுக்கூடத்திலேயே விட்ட கதை!

சரி, ஏன் சாகவில்லை? லைசோசோம் பாடம் நினைவிருக்கிறதா? 'தற்கொலைப் பை' என்றதும் வகுப்பே சிரிக்கும். விழுங்கப்பட்ட கிருமி முதலில் செல்லுக்குள் ஒரு சின்னப் பைக்குள் அடைபடும். பிறகு லைசோசோம் வந்து அந்தப் பையோடு இணையும். அதில் இருக்கும் அமிலமும் செரிமான நொதிகளும் கிருமியைக் கரைத்துவிடும். விழுங்குவது பாதி வேலைதான், இந்த இணைப்பு நடந்தால்தான் மீதி வேலை முடியும். லெஜியோனெல்லா இருக்கும் பையோடு லைசோசோம் இணையவில்லை என்று ஹார்விட்ஸ் 1983இல் காட்டினார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தப் பையைச் சுற்றி முதலில் மைட்டோகாண்ட்ரியாவும் சிறு குமிழ்களும் கூடுகின்றன. சில மணி நேரத்தில் பையின் வெளிப்புறம் முழுக்க ரைபோசோம்கள் ஒட்டிக்கொள்கின்றன. செல்லின் சொந்த உறுப்பு மாதிரியே அது வேஷம் போட்டுவிடுகிறது. போலீஸ் தேடி வந்தால் குடும்பத்தில் ஒருவர் போல அடுப்படியில் நிற்கிறது!

இந்தத் தந்திரத்தைக் காசநோய்க் கிருமியிடம் முன்பே கண்டவர் ஒருவர் உண்டு. பிலிப் டார்சி ஹார்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஆம்ஸ்ட்ராங் என்பவரோடு சேர்ந்து 1971இல் எலியின் விழுங்கு செல்களில் இதைக் காட்டினார். இந்த ஹார்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் காசநோய்ப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். 1956இல் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியதில் அந்தக் கழகத்துக்கும் பங்கு உண்டு. நோயாளி சானடோரியத்தில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்கே காட்டிய மையம் அது. ஹார்ட் 65 வயதில் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகுதான் ஆய்வகத்தில் உட்கார்ந்து இந்த லைசோசோம் கண்டுபிடிப்பைச் செய்தார். 106 வயது வரை வாழ்ந்தார். ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் சாய்வு நாற்காலியிலேயே இருக்க வேண்டியதில்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

இனி என் மனதை மிகவும் தொட்ட பகுதி. குளத்திலும் குழாயிலும் வாழும் ஒரு தண்ணீர் பாக்டீரியாவுக்கு மனித வெள்ளையணுவை ஏமாற்றத் தெரிந்தது எப்படி? யார் கற்றுக்கொடுத்தார்கள்? இந்த நோய் பொதுவாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. மனிதனுக்குள் வந்த கிருமிக்கு அதுவே கடைசி ஊர். அப்படியானால் மனிதனிடம் பழகிப் பழகி இந்த வித்தையைக் கற்றிருக்க முடியாது.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் திமதி ரோபாதம் என்பவர் 1980இல் விடையைக் கண்டார். லெஜியோனெல்லா, தண்ணீரிலும் மண்ணிலும் உள்ள அமீபாக்களுக்குள் புகுந்து பெருகுகிறது! அமீபா என்ன செய்யும்? போலிக்கால்களை நீட்டி பாக்டீரியாவைச் சூழ்ந்து விழுங்கிச் செரிக்கும். வெள்ளையணு என்ன செய்யும்? அதையேதான் செய்யும். நெடுங்காலமாக அமீபாவின் வயிற்றுக்குள் பிழைக்கக் கற்ற ஒரு பாக்டீரியாவுக்கு, நம் நுரையீரலில் இருக்கும் போர்வீரன் இன்னொரு அமீபா, அவ்வளவுதான். அதற்கு நம்மோடு எந்தப் பகையும் இல்லை. நாம் கட்டிய குளிர்சாதனக் கோபுரம் அதைத் தூக்கி நம் மூச்சில் போட்டது.

படித்ததும் எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். ஏன் தெரியுமா? அமீபா பாடத்தை ஜூலையில் நடத்துவேன். போலிக்கால் படம் போர்டில் வரைவேன். ரத்தப் பாடத்தை நவம்பரில் நடத்துவேன். அதிலும் போலிக்கால் வரைவேன். இரண்டு படமும் ஒரே மாதிரி இருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் இரண்டையும் இதே கையால் வரைந்திருக்கிறேன். ஒருமுறைகூட இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னதில்லை. அந்தப் பெண்ணின் கேள்வி அந்த இரண்டு படத்துக்கும் நடுவில்தான் இருந்தது.

அடுத்த கேள்வி, எந்தக் கருவியால் கிருமி இதைச் செய்கிறது என்பது. பெரியம்மா கேட்ட போஸ்ட்டாக் இங்கேதான் வருகிறது.

பி.எச்.டி. என்பது ஓட்டுநர் உரிமம் வாங்குவது மாதிரி. போஸ்ட்டாக் என்பது அடுத்தவர் லாரியை நெடுந்தூரம் ஓட்டுவது. சம்பளம் உண்டு, நிரந்தரம் கிடையாது. மாணவரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. சில வருடம் இன்னொருவர் ஆய்வகத்தில் உழைத்து, சொந்தமாக ஒரு கேள்வியைத் தேடிக்கொள்ளும் காலம்.

ரால்ஃப் இஸ்பெர்க் என்பவர் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டான்லி ஃபால்கோ என்ற பெரிய ஆசானிடம் போஸ்ட்டாக்காக இருந்தவர். செல்களுக்குள் நுழையும் ஒரு கிருமியிலிருந்து ஒரே ஒரு மரபணுப் பகுதியை எடுத்து, நுழையத் தெரியாத சாது பாக்டீரியாவுக்குள் வைத்தார். அதுவும் நுழைய ஆரம்பித்தது. அது 1985. பிறகு பாஸ்டன் நகரில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வகம் அமைத்து லெஜியோனெல்லாவை எடுத்தார்.

வித்தையை மறந்த கிருமி கிடைத்தால், எந்த மரபணு கெட்டதால் மறந்தது என்று பார்க்கலாம். ஆனால் ஆயிரமாயிரம் கிருமிகளில் மறந்தவற்றை எப்படிப் பொறுக்குவது? இஸ்பெர்க்கும் மாணவி கேரன் பெர்கரும் ஓர் அழகான வழி செய்தார்கள். டி.என்.ஏ.வுக்கு வேண்டிய தைமின் என்ற பொருளைத் தானே செய்யத் தெரியாத கிருமி வகை ஒன்றை எடுத்தார்கள். விழுங்கு செல்லுக்குள் அதை அனுப்பி, தைமின் கொடுக்காமல் விட்டார்கள். உள்ளே பெருக முயன்றவை எல்லாம் தைமின் இல்லாமல் செத்தன. பெருகத் தெரியாமல் சும்மா கிடந்தவை மட்டும் பிழைத்தன. அவைதான் வேண்டியவை! அதே காலத்தில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் ஷூமன் குழு, ஹார்விட்ஸ் முன்பே பிரித்து வைத்திருந்த ஒரு 'மறந்த' கிருமியை வைத்து வேறு வழியாக அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

1998இல் இரண்டு ஆய்வகங்களும் ஒரே முடிவைச் சொன்னன. இஸ்பெர்க்கிடம் போஸ்ட்டாக்காக இருந்த ஜோசப் வோகலும், ஷூமனிடம் போஸ்ட்டாக்காக இருந்த கில் சீகலும் அந்தக் கட்டுரைகளின் முதல் பெயர்கள். பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று டி.என்.ஏ. கொடுத்து வாங்கப் பயன்படுத்தும் ஒரு பழைய கருவியைத்தான் லெஜியோனெல்லா ஊசியாக மாற்றி வைத்திருக்கிறது. விழுங்கு செல்லின் பையில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஊசியின் வழியாகத் தன் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்துகிறது. விழுங்கப்பட்ட சில நிமிடங்களிலேயே தலைவிதி முடிவாகிவிடுகிறது என்று காட்டியவர் இஸ்பெர்க்கின் இன்னொரு போஸ்ட்டாக், கிரெய்க் ராய். அவர் பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வகத்தில், ஹிரோகி நாகை முதலானோரோடு 2002இல் அப்படிச் செலுத்தப்படும் முதல் புரதத்தைக் கண்டுபிடித்தார்.

இன்று அப்படிப்பட்ட புரதங்கள் 300க்கு மேல் தெரியும். ஒன்று செல்லுக்குள் போகும் சரக்கைத் திருப்பிவிடும், ஒன்று வேறொரு வேலை செய்யும். பலவற்றின் வேலை இன்னும் தெரியாது. நம் பெண் வேலை செய்வது அந்தத் தெரியாதவற்றில் ஒன்றின் மீது. "ரெண்டு வருஷம் ஆச்சு சார், இன்னும் ஒண்ணும் பிடிபடலை" என்றாள்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஃபிலடெல்ஃபியாவில் எரித்ரோமைசின், டெட்ராசைக்ளின் கொடுக்கப்பட்டவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. காரணம் அப்போது தெரியாது. எதிரி வெள்ளையணுவுக்குள் இருக்கிறான் என்று தெரிந்த பிறகுதான், செல்லுக்குள் போய் வேலை செய்யும் மருந்துதான் வேண்டும், பென்சிலின் வகை போதாது என்று புரிந்தது. எரித்ரோமைசின்கூடக் கிருமி பெருகுவதை நிறுத்தி வைக்கிறதே தவிர, மருந்தை எடுத்துவிட்டால் மறுபடி பெருக ஆரம்பிக்கிறது என்பதையும் ஹார்விட்ஸ் ஆய்வகத்தில் காட்டினார். அதனால்தான் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று மருத்துவர் சொல்கிறார். நம் உறவில் இரண்டு பேர் காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டது எனக்குத் தெரியும். அவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு என் பதில் இது. மெக்டேட் ஒதுக்கிய ஸ்லைடை மறுபடி பார்த்ததிலிருந்து அந்த முதல் புரதம் வரை 25 வருடம் ஆயிற்று. அந்த 25 வருடத்தை நிரப்பியவர்களில் பலர், கல்யாணப் பந்தியில் "இன்னும் வேலை கிடைக்கலையா" என்று கேட்கப்படும் வயதில் இருந்தவர்கள்தான். அவள் அம்மாவிடம் இனி அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். "எந்தப் புரதம்?" என்று கேளுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒன்று. பரீட்சைக்கு வராத கேள்வியை யாராவது கேட்டால், "எனக்குத் தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான். அன்றைக்கு உட்காரச் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள், கேள்வியை மட்டும் விடவில்லை. அந்தப் பெருமை முழுக்க அவளுடையது.

நீங்களும் வகுப்பில் கேட்டு, நான் உட்கார வைத்த கேள்விகள் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். இப்போது எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்